கீழிருந்து வெட்டிய ஆறு வரிகள்

என் செல்லக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவருடைய இடது முழங்காலைத் தவிர, அதைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். நீ அங்கே சுகமா என்று வழக்கமாக இந்த இடத்தில் கேட்பேன், இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, நீ சுகமாக இல்லை என்பது நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குத் தெரியும். பத்திரிகை ஆபீஸில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் நான், அங்கே ஒரு வழக்கம் உண்டு, முக்கியமான விஷயத்தை முதலிலேயே போட்டுவிட வேண்டும், மற்றதெல்லாம் கீழே. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வா. கிளம்பி வீட்டுக்கு வா. நீ கேட்டதற்கு எங்கள் பதில் அதுதான், மூன்று வாரத்துக்கு முன்பு படித்திருந்தால் அன்றைக்கும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் உன்னுடைய அந்த ஆறு வரிகளை நான் நேற்றுத்தான் படித்தேன். நேற்றுத்தான்! அவற்றை அழித்தது நான்தான், ஆனால் படித்துவிட்டு அழிக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் நீ நம்பிவிட்டால் மீதிக் கடிதத்தை மெதுவாகப் படிக்கலாம், அவசரமில்லை. போனில் நேற்று மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் ஒரு விதத்தில் நல்லதுதான், எடுத்திருந்தால் நான் அழுதிருப்பேன், நீ 'ஒண்ணும் இல்லம்மா' என்றிருப்பாய், அதோடு முடிந்திருக்கும். அதனால் கையால் எழுதி, நீ சொல்லிக்கொடுத்தபடியே போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரே கோப்பாகச் சேர்த்து மெயிலில் அனுப்புகிறேன். என் கையெழுத்து கோணலாக இருந்தால் போனைக் குறை சொல்லாதே, கோணல் என்னுடையதுதான்.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ 'அம்மா அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் குறிப்புகள்' என்று தலைப்புப் போட்டு, நாம் மூன்று பேருமே திறந்து எழுதக்கூடிய மாதிரி ஒரு கோப்பை அனுப்பினாய் இல்லையா, பதினாலு குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். நீ பொறுமைசாலி என்று தெரியும், ஆனால் இவ்வளவு பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கே ஆச்சரியம், நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை. முதல் குறிப்பே எங்களுக்கு லாட்டரி அடித்த மாதிரி, கன்ட்ரோலையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் எழுத்தெல்லாம் பெரிதாகும் என்பது. உன் அப்பா அழுத்தி அழுத்தி ஒரு திரைக்கு நாலு வார்த்தை என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார், எதிர்வீட்டிலிருந்தே படிக்கலாம். கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தி நீளமான பக்கத்தில் வேண்டிய வார்த்தையைத் தேடுவது எனக்குப் பிடித்துப்போயிற்று, மருந்துச் சீட்டில் இருக்கிற பெயரை அப்படித்தான் கண்டுபிடிக்கிறேன். தெரியாமல் மூடிய பக்கத்தைத் திரும்பத் திறக்கும் குறிப்பு ஐந்துதான் இந்த வீட்டில் அதிகம் பயன்படுவது, ஏனென்றால் உன் அப்பா எதையும் தெரிந்து மூடுவதில்லை. பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு அவர் ஷேவ் செய்துகொள்கிறார், அந்தக் கம்ப்யூட்டர் பெண் செய்தி படித்து முடித்ததும் 'ரொம்ப நன்றிங்க' என்கிறார். தேடுகிற கட்டத்தில் 'மதிப்புக்குரிய ஐயா, என் முழங்கால் வலி தொடர்பாக' என்று மனு எழுதுகிற மனுஷன் அவர். இரண்டு வார்த்தை போட்டால் போதும் என்று சொன்னால், தெரியாதவங்ககிட்ட அப்படி மொட்டையாப் பேசலாமா என்று என்னைக் கேட்கிறார். நீ சிரிக்க வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

இப்போது அந்த வெட்டு. நீ அனுப்பிய அன்றைக்கே அதை அச்செடுத்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன், திரையில் படித்துவிட்டு அதே திரையில் செய்யச் சொன்னால் எனக்குப் பாதியில் மறந்துவிடும். அச்சிடும் இடத்தைத் திறந்தால் இரண்டு பக்கம் என்று காட்டியது. முதல் பக்கம் முழுக்கக் குறிப்புகள், இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம், அதற்குக் கீழே ஆறு வரி. என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். செய்திகளை நீளமான பட்டைகளாக அச்சடித்துக் கொண்டுவந்து போடுவார்கள், அதை ஸ்கேலால் அளந்து, பிளேடால் அறுத்து, பசை தடவிப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். இடம் போதவில்லையா, கீழிருந்து வெட்டு. எங்கள் பிரிவில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எழுதுகிறவர்கள் சொல்ல வேண்டியதை மேலேயே சொல்லியிருப்பார்கள், வால் போனால் யாரும் தேட மாட்டார்கள். வெட்டுகிறவள் படிக்கவும் கூடாது, படித்தால் கை நிற்கும், கை நின்றால் பக்கம் தாமதமாகும். இருபத்தாறு வருஷம் அப்படி வெட்டியவள் உன் ஆறு வரிகளை வரிகளாகத்தான் பார்த்தேன், வார்த்தைகளாகப் பார்க்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு வரி மிஞ்சுகிறது, அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. தேர்ந்தெடுத்தேன், அழித்தேன், ஒரு பக்கம் ஆயிற்று, ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன், போய் வாங்கி வந்து ஒட்டினேன். நேராக ஒட்டியிருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து ரசிக்கவும் செய்தேன், பாவி! நான் இங்கே அழித்தால் அங்கே உன் திரையிலும் அழியும் என்று நீயே எழுதியிருந்தாய், அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை.

நீ எப்போதும் முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறவள், அதையாவது நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, டீச்சரின் புதுக் குடையைப் பற்றிச் சொன்னாய், வாசலில் பார்த்த பூனையைப் பற்றிச் சொன்னாய், பக்கத்துப் பெஞ்சுக்காரி பென்சிலைக் கடித்ததைப் பற்றிச் சொன்னாய், எல்லாம் சொல்லி முடித்து டிபன் பாக்ஸைக் கழுவப் போடும்போது 'அப்புறம்மா, மாடிப்படியில விழுந்துட்டேன்' என்று சொல்லிக் கையை விரித்தாய், உள்ளே இரண்டு பல். அப்படிப்பட்டவள் பதினாலு குறிப்பு எழுதிவிட்டு, இடம் விட்டு, அதற்குக் கீழே ஏதோ எழுதினால் அது சும்மாவா இருக்கும்? பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா? இதை நினைத்தால்தான் என்மேலேயே எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அதைவிடப் பெரிய கொடுமை மறுநாள் நீ போன் செய்தபோது நான் பேசிய பேச்சு. 'முழுசாப் பார்த்தீங்களாம்மா' என்று கேட்டாய். நான் பெருமையாக, 'பார்த்தேன், கீழே தேவையில்லாம தொங்கிட்டு இருந்ததை வெட்டிட்டேன், இப்பத்தான் கச்சிதமா இருக்கு' என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். அப்புறம் 'சரிம்மா' என்றாய். அந்தச் 'சரிம்மா' நேற்றிலிருந்து என் காதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரமாக உன்னிடமிருந்து வந்ததெல்லாம் 'நலம்', 'சாப்பிட்டேன்', 'வேலை இருக்கு'. ஆபீஸில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்படித் தெரிந்தது என்றால், அதற்கு உன் அப்பாவின் ஈரத்துணிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நேற்று மத்தியானம் அவர் உன் குறிப்புகளைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டே, கீபோர்டில் தூசி இருக்கிறது என்று சொல்லி ஈரத்துணியைப் போட்டு நன்றாகத் துடைத்தார். நிமிர்ந்து பார்த்தால் திரை வெள்ளை வெளேரென்று இருக்கிறது, பதினாலு குறிப்பும் காணோம். மனுஷன் ஆடிப்போய்விட்டார், 'புள்ள கஷ்டப்பட்டு எழுதினதைத் துடைச்சே எடுத்துட்டேனே' என்று புலம்பல். நான் சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். குறிப்பு பதினொன்று, ஏதாவது அழிந்துபோனால் பயப்படாதீர்கள், கோப்பு என்ற மெனுவில் பழைய பதிப்புகள் என்று இருக்கும், தேதி வாரியாக எல்லாம் இருக்கும், வேண்டிய தேதியைத் தட்டினால் அன்றைக்கு இருந்தபடியே காட்டும் என்று எழுதியிருந்தாய். தட்டினேன். வலது பக்கம் தேதிகள் வரிசையாக வந்தன. எதைத் தட்டுவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் கீழே இருந்த பழைய தேதியைத் தட்டினேன், நீ அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை. கீழே வரை உருட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது.

நீ எழுதியது உனக்குத் தெரியும், ஆனாலும் திரும்ப எழுதுகிறேன், நான் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். வரைபட ஆபீஸில் உன்னை வேலையிலிருந்து நிறுத்தி நாலு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை, அதையும் உடம்பு தாங்கவில்லை, ரொம்பக் களைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து இருக்கலாமா, மாதக் கடைசிக்குள் இந்த அறையைக் காலி செய்வதா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கும் கீழே, வேண்டாம் என்றால் சங்கடப்பட்டுக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை, இந்த வரிகளை அழித்துவிடுங்கள், நான் புரிந்துகொள்வேன் என்று எழுதியிருந்தாய். கண்ணு, வேண்டாம் என்றால் எதைச் செய்யச் சொன்னாயோ அதையே உன் அம்மா செய்துவிட்டு, கச்சிதமாக இருக்கிறது என்று வேறு உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போன மாதம் வீடியோவில் பேசும்போது உன் விரலில் பிளாஸ்திரி இருந்தது, கேட்டதற்குப் பேப்பர் கிழித்துவிட்டது என்றாய், அட்டைப் பெட்டியின் விளிம்புதானே அது? அட்டையும் பிளேடும் கையை என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது? அன்றைக்கு நன்றாகப் பார்த்திருக்கலாம், கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உன் அப்பா எனக்குப் பின்னால் நின்று, அந்தப் பெரிய எழுத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டார். நான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவர் என் தோளைத் தட்டி, 'படிச்சுட்டா வெட்டினே, படிக்காமத்தானே வெட்டினே, அதை அவளுக்கு எழுது முதல்ல' என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் உன் அறைக்குள் போய்விட்டார். உனக்குத் தெரியாது, லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து அவர் நின்றதிலிருந்து தெருவில் யார் வீட்டு டேபிள் ஃபேன் சுற்றவில்லை என்றாலும் அது சரிபார்க்க நம் வீட்டுக்குத்தான் வருகிறது, உன் கட்டில் மேல் பதினோரு ஃபேன் இருந்தது, தலையணை இடத்தில் ஒரு டப்பா நிறைய ஸ்க்ரூ. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார், நான் உதவிக்குப் போனால் 'நீ எழுதப் போ' என்று விரட்டினார். மெத்தையைத் திருப்பிப் போட்டார். ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுப்பாளா, கதவுப் பக்கமா என்று என்னைக் கேட்டார். ஜன்னல் பக்கம் என்றேன். சரிதானே? அந்தப் பதினோரு ஃபேனில் நன்றாகச் சுற்றுகிற ஒன்றை மட்டும் உனக்காக மேஜைமேல் விட்டுவைத்திருக்கிறார், அது அடுத்த தெரு டெய்லருடையது, அவர் கேட்டால் இன்னும் பார்ட்ஸ் வரவில்லை என்று சொல்லிக்கொள்வாராம்.

தோற்றுப்போய் வந்து நிற்கிறோமே என்று நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா, அப்படித்தான் நினைப்பாய். அதனால் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் பத்திரிகையில் கம்ப்யூட்டர் வந்தது, பக்கம் ஒட்டும் பிரிவில் இருந்த எங்கள் ஒன்பது பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, வெட்கமாக இருந்தது, ஏதோ நான் தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி. மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து, டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு, உனக்குத் தலை வாரிவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போய் பொது நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினாறு நாள். மத்தியானம் நூலகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவேன், சாயந்திரம் அதே பஸ். பதினேழாம் நாள் காலையில் உன் அப்பா டிபன் பாக்ஸை என் கையிலிருந்து வாங்கி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, 'இன்னிக்கு வீட்லயே சாப்பிடலாம்' என்றார். எப்படித் தெரியும் என்று அழுதுகொண்டே கேட்டேன். 'ரெண்டு வாரமா உன் நகத்துல பசை இல்லையே' என்றார். ஏன் மறைத்தாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் இருக்கிற வீடு இது. பதினாறு நாள் மறைத்த எனக்கே அந்தச் சோற்று உருண்டை இறங்கவில்லை, நாலு மாதம் நீ எப்படி விழுங்கினாய்? நீ தப்பு எதுவும் செய்யவில்லை. வேலை போனது, அவ்வளவுதான், நீ போய்விடவில்லை.

நேற்றே அந்தப் பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், 'மீட்டெடு' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் நாலு தடவை படித்தேன், இப்போது எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் அழுத்துகிறேன். உன் ஆறு வரிகளும் இருந்த இடத்தில் இருக்கின்றன, அவற்றுக்குக் கீழே நாங்களும் எழுதியிருக்கிறோம், உன் அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது தனி, பார்த்துக்கொள். அந்தக் கோப்பில் எனக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடு, வெட்டுகிற அனுமதியைப் பிடுங்கிவிடு, என் கையை நானே நம்புவதாக இல்லை. காலி செய்கிறேன் என்று அறைச் சொந்தக்காரரிடம் நாளைக்கே சொல்லிவிடு, மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. கிடங்கில் கனமான பெட்டியைத் தனியாகத் தூக்காதே, இன்னும் ஒரு வாரம்தானே என்று இடுப்பை ஒடித்துக்கொண்டு வராதே. வேளைக்குச் சாப்பிடு. தட்டுமுட்டுச் சாமானெல்லாம் இழுத்துக்கொண்டு வர வேண்டாம், கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடு, உன் வரைபடச் சுருள்களை மட்டும் கொடுத்துவிடாதே. அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்று யோசித்தால் அதை என்னிடம் விட்டுவிடு, மாடி வீட்டுக்காரம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன், பெண் வருகிறாள் என்று மட்டும். எதற்கு என்று கேட்டாள், என் வீட்டுக்கு என் பெண் வருவதற்கு எதற்கு என்று ஒரு காரணம் வேண்டுமா என்று கேட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு, உன் களைப்பெல்லாம் தீர்ந்து நீ பழையபடி சிரிக்க வேண்டும், வேறு எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. இன்று காலையில் உன் அப்பா எப்படித்தான் இருக்கிறது என்று டிக்கெட் எடுக்கிற தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கிளம்பும் ஊர், சேரும் ஊர், கிளம்பும் தேதி எல்லாம் கேட்கிறது. அதற்குக் கீழே, கடைசியில், திரும்பும் தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா, அப்பா